யாரும் இருமக் கூடாது

2023 ஜூன் 21, புதன்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போகிற மழையின் மூட்டம். காற்று மேற்கிலிருந்து அடித்தது. காற்றின் திசையை எதற்குக் குறித்து வைத்தேன் என்று இப்போது கேட்க வேண்டாம். அந்தக் காற்றுதான் என்னைப் படுத்தியது.

சித்தூருக்கு வெளியே புத்தூர் சாலையில் ஒரு மாம்பழக் கூழ் ஆலை. அதன் கேட்டுக்கு உள்பக்கம் நான் நின்றிருந்தேன். வெளிப்பக்கம் வேப்ப மரத்தடியில் முப்பத்தெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து தினமும் இரண்டு டெம்போவில் வந்து பழம் வெட்டுகிறவர்கள். ஏழு மணிக்குக் கையில் கத்தியோடு மேஜைக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒருத்தியும் உள்ளே வரவில்லை. ஒருத்தி தலை சீவிக்கொண்டிருந்தாள். வேலை செய்யப்போகிறவள் வேலை நேரத்தில் தலை சீவ மாட்டாள்.

ஆலைக்குள்ளே பழுத்து முடிந்த பதினான்கு டன் கிளிமூக்கு மாம்பழம். தோத்தாபுரி என்று இங்கே சொல்வார்கள். பழுக்கும் வரைக்கும் அது நாம் சொன்னபடி கேட்கும். பழுத்த பிறகு அது சொன்னபடி நாம் கேட்க வேண்டும். கேட்டில் பங்காருபாளையத்திலிருந்து வந்த டிராக்டர்கள் வேறு வரிசையாக நின்றன.

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். மாம்பழ சீசன் மூன்று மாதமும் இந்த ஆலையில் வெட்டும் கூடத்துக்கு மேற்பார்வையாளன். மீதி ஒன்பது மாதமும் வீட்டில் இருக்கிறேன். வீட்டில் எண்ணுவதற்கு என் மாத்திரைகளும், மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை காஸ் அடுப்பை அணைக்க மறக்கிறாள் என்பதும்தான் உண்டு. அவள் பிப்ரவரியிலேயே, "சீசன் எப்போ ஆரம்பிக்குது?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். இந்த மூன்று மாதம் இல்லாவிட்டால் எங்கள் இருவரில் ஒருவர் பைத்தியமாகிவிடுவோம். யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

ஏழு மணி பன்னிரண்டுக்கு முதலாளியின் மகன் போன் செய்தான். நல்ல பையன். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவான்.

"அங்கிள், பத்து மணிக்குள்ள லைன் ஓடணும். போன வருஷம் மாதிரி இந்தக் குழுவும் போயிடுச்சுன்னா, நாளையிலிருந்து மீரு கூடா ராவத்து."

நீங்களும் வர வேண்டாம் என்று அர்த்தம். மரியாதையாகத்தான் சொன்னான்.

மக்களை மதிப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டேன். அதனால் வந்த வினை இது.

போன சீசனில் வேறொரு குழு பாதியில் கிளம்பிப் பங்காருபாளையம் பக்கம் இன்னோர் ஆலைக்குப் போய்விட்டது. காரணம் நான் என்று பேச்சு. மணிக்கு ஒரு தடவை நான் கூடத்தில் நடந்து, விரலை நீட்டித் தலைகளை எண்ணுவேன். எண்ணாமல் எப்படி ஒரு கூடத்தை நடத்துவது? ஆனால் நான் எண்ண ஆரம்பித்ததும் பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். சிலர் மேஜைக்குக் கீழே எதையோ தேடுவார்கள். எண்ணிக்கை தப்பும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். "ஆடு வாங்க வர்றவன்கூட ஒரு தபாதான் எண்ணுவான்" என்று ஒருத்தி சொன்னாளாம். கடைசியில் ஒரு நாள் எண்ணுவதற்கு ஆளே இல்லை.

அதனால் இந்த வருஷம் முதலாளியின் மகன் என்னைத் திருப்பதிக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினான். 'மக்களை மையமாகக் கொண்ட தலைமைப் பண்பும் பேச்சுத் திறனும்.' கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "அது உங்களுக்கு வேண்டாம் அங்கிள், தூக்கம் போயிடும்" என்றான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் இரண்டாம் மாடியில் வகுப்பு. முதல் மாடியில் கல்யாணம். பாடம் நடத்துகிறவர் மெதுவாகப் பேச வேண்டிய இடங்களில் எல்லாம் கீழே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும். என்னையும் சேர்த்து இருபத்துநான்கு பேர். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளிலிருந்து வந்த பையன்கள், ஒரு மருத்துவமனைக் கணக்கர், இரண்டு வங்கிக்காரர்கள். என்னைத் தவிர எல்லாருக்கும் முட்டி மடங்கியது.

பாடம் நடத்தியது ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பெண். என் கடைசி மகளை விடச் சின்னவள். எனக்காகப் பாதித் தமிழில் பேசினாள்.

"சார், உங்க டீம்ல எத்தனை பேர்?"

"முப்பத்தெட்டு."

"அவங்க பேரெல்லாம் தெரியுமா?"

"நம்பர் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. அவர்கள் கையுறையில் நம்பர் போட்டிருக்கிறது, எனக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலையில் இருபத்துநான்கு பேரில் பதினொரு பேர் மொட்டைத் தலையோடு வந்தார்கள். கம்பெனிச் செலவில் திருப்பதி வந்துவிட்டு மலைக்குப் போகாமல் திரும்ப அவர்களுக்கு என்ன பைத்தியமா? ராத்திரியே ஏறி, முடி கொடுத்துவிட்டு, சந்தனத்தோடு இறங்கியிருந்தார்கள். அன்றைக்குப் பயிற்சி பாராட்டு. பக்கத்தில் இருப்பவரைக் கூர்ந்து பார்த்து, அவரிடம் நமக்குப் பிடித்த ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் ஸ்ரீ சிட்டிப் பையன் ஒருவன். பளபளவென்று இருந்தான்.

"உங்க மண்டை நல்ல உருண்டை" என்றேன். "பிளேடு ஓர் இடத்துலகூடப் படலை."

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி யோசித்தான். "இந்த வயசுலயும் வந்திருக்கீங்களே, சார்" என்றான். எனக்குக் கிடைத்த பாராட்டு அது.

பாடம் நடத்திய பெண் எங்கள் பக்கம் வந்து நின்றாள். "குட். ஆனா பொதுவா சொல்லாதீங்க சார். அவங்க செஞ்ச வேலையைக் குறிப்பா சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. எண்ணோட சொன்னா இன்னும் நல்லது."

எண்ணோட! அறுபத்தொன்பது வருஷத்தில் என் சுபாவத்துக்கு ஒருவர் ஆதரவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் சித்தூர் திரும்பும்போது மடியில் லட்டு, மனதில் மைக்.

திங்கட்கிழமை மத்தியானம் தொடங்கினேன். பெண்கள் சாப்பிடும் கொட்டகைக்கு என் டிபன் டப்பாவோடு போய் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒருத்தி தன் டப்பாவை மூடினாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு மேஸ்திரி அம்மா உண்டு. ஐம்பது வயது இருக்கும். ஆளைச் சேர்ப்பது, வண்டி ஏற்றுவது, கூலி பேசுவது எல்லாம் அவள்தான். அவள் வா என்றால் முப்பத்தேழு பேரும் வருவார்கள். என்னைச் சாதாரணமாகப் பெரியவரே என்பாள். நைனா என்று கூப்பிட்டால் ஏதோ செலவு வரப்போகிறது என்று அர்த்தம். நைனா என்பது அவர்கள் பக்கம் அப்பாவுக்குச் சொல்கிற சொல். அப்பாவிடம்தானே கேட்க வேண்டும்?

"எல்லாரும் சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன்.

"துன்னுக்கினுதான் கீறோம்" என்றாள் மேஸ்திரி. "இன்னா பெரியவரே, சாப்பாட்டு நேரத்துல கை வெக்கப் போறீங்களா?"

"இல்லம்மா. சும்மா உங்ககூட உக்காந்து சாப்பிடலாம்னு."

"சும்மாவா?" அவள் மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "ஏன் சார், என் வூட்டுக்காரன் இன்னா பண்ணிட்டான்?"

நான் தயிர்சாதத்தை நான்கே வாயில் முடித்துக்கொண்டு எழுந்தேன். காது கொடுப்பதும் விசாரிப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. பாராட்டு மிச்சம் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மைக்கை எடுத்தேன். லாரி வந்தது, தண்ணீர் நின்றது என்று சொல்வதற்காகக் கூடத்தில் இருக்கிற மைக். அந்தக் குழுவில் இடது கையால் வெட்டுகிற ஒருத்தி உண்டு. முப்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, கை வேகம். மற்றவர்கள் பழத்தைத் திருப்புவதற்குள் அவள் வெட்டி முடித்திருப்பாள்.

"இன்றைய கணக்கு" என்று தொடங்கினேன். "ஒருவருக்குச் சராசரி முப்பத்தொரு கிரேட், அதாவது முப்பத்தொரு பெட்டிப் பழம். ஆனால் நம்மில் ஒருவர் நாற்பத்திரண்டு கிரேட் வெட்டியிருக்கிறார். மூன்றாவது மேஜை, இடது கைக்காரர். எல்லாரும் அவரைப் பாருங்கள். கை தட்டுங்கள்."

எல்லாரும் பார்த்தார்கள். யாரும் தட்டவில்லை. அவள், போலீஸ் வந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நின்றாள். மேஸ்திரி மூன்று தடவை தூ தூ தூ என்றாள். தொண்டையில் மாம்பழ நார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், "இனிமே என்னை மாதிரி ஒரு தலைவன் கிடைக்க மாட்டான்" என்றேன். "குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு இடது கைக்காரிக்குக் கத்தி நழுவியது. பழத்தைப் பிடித்திருந்த வலது ஆள்காட்டி விரலில் வெட்டு. இரண்டு தையல். பன்னிரண்டு வருஷம் கத்தி பிடித்தவளுக்கு முதல் தையல். அன்று மாலை திரும்பும்போது டெம்போ பாதி வழியில் பஞ்சர். ராத்திரி ஒருத்தி வீட்டு எருமை பால் கொடுக்காமல் உதைத்தது. இன்னொருத்தியின் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். மாமியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவும் என் மேல்தான் வந்தது.

புதன்கிழமை காலை கேட்டுக்கு வெளியே போனபோது இவை எல்லாம் வரிசையாக என் முன்னால் வைக்கப்பட்டன.

"உன் வாய் மைக்கு மேல பட்டது, எங்க குடி மேல பட்டது" என்றாள் எருமைக்காரி.

"எருமைக்கும் மைக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அதுக்கு அது புரிஞ்சிருந்தா அது ஏன் உதைக்கப்போவுது?"

நான் கணக்கோடு பதில் சொல்லப் பார்த்தேன். "இங்க பாருங்க. ஒவ்வொரு சீசன்லயும் விரல் வெட்டு நாலைஞ்சு வரத்தான் வருது. போன வருஷம் அஞ்சு. அதுக்கு முந்தின வருஷம்..."

"பாரு பாரு" என்றாள் தலை சீவிக்கொண்டிருந்தவள். "வெட்டுப்பட்ட விரலக்கூட எண்ணி வெச்சிக்கினு கீறாரு."

மேஸ்திரி கையைக் காட்டி அவர்களை அடக்கினாள். "பெரியவரே, விரல நீட்டி எண்ணும்போது பொறுத்துக்கினோம். வயசான மனுசன், அது ஒரு வியாதின்னு வுட்டோம். இப்போ மைக்கு வெச்சு எண்ணினா? நாப்பத்திரண்டுன்னு சொன்னீங்களே, சொல்லலாமா அத? எல்லாரும் பாருங்கன்னு வேற சொன்னீங்க. பார்த்தாங்க. கண்ணு பட்டுச்சி."

எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. படித்தவன் பதில். அப்போது மணி எட்டு. இரண்டு மணி நேரத்தில் எனக்கும் மாத்திரை எண்ணுகிற வேலைதான் மிஞ்சும். மேலும் அந்தப் பதினான்கு டன்னின் வாசனை கேட்டைத் தாண்டி வர ஆரம்பித்திருந்தது. இனிப்பில் லேசாகப் புளிப்பு கலந்த வாசனை. திருப்பதியில் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வாக்கியம் மட்டும் ஞாபகம் வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.

ஒரு கல்லைத் தேடி உட்கார்ந்தேன். முட்டி இரண்டு இடத்தில் சத்தம் போட்டது.

"சரிம்மா. நான் இப்போ என்ன செய்யணும்?"

மரத்தடியில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வியை நான் இதற்கு முன்னால் யாரிடமும் கேட்டது கிடையாது. மனைவியிடம்கூட.

"நைனா" என்றாள் மேஸ்திரி.

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"கழிக்கணும். ஒரு திருஷ்டிப் பூசணிக்காய், கற்பூரம், காய்ஞ்ச மிளகாய், கல்லுப்பு. அப்புறம் உங்க காலடி மண்ணு."

கண் வைத்தவனின் காலடி மண்ணை மிளகாயோடும் உப்போடும் சேர்த்து, கண் பட்டவளைச் சுற்றி நெருப்பில் போட வேண்டும். மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லை, யாரும் இருமவில்லை என்றால், கண் அந்த மண்ணுக்குரியவனுடையதுதான். அதோடு அது கழிந்துவிட்டது. நெடி ஏறி இருமல் வந்தால் அது அவன் கண் இல்லை. வேறு யாருடையதோ. அதுதான் முறை.

முதல் சிக்கல் மண். ஆலைக்குள் நாங்கள் கம்பூட்ஸ் போட்டு, குளோரின் தண்ணீரில் காலை நனைத்துத்தான் நடப்போம். அந்தச் சட்டத்தைப் போட்டவனும், கேட்டில் போர்டு எழுதி மாட்டியவனும் நான். மேஸ்திரி என் பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா கீது? பினாயில் வாசன அடிக்குது. கழட்டிட்டு நட நைனா."

நடந்தேன். லாரி ஓட்டிகளும் டிராக்டர் ஓட்டிகளும் பார்த்துக்கொண்டிருக்க, அறுபத்தொன்பது வயதில் வெறுங்காலோடு, மாங்கொட்டையும் ஜல்லியும் கிடக்கிற இடத்தில் நடந்தேன். எனக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்தபடி என் இடது கால் சுவட்டை வழித்தெடுத்துக்கொண்டே வந்தாள். "பாதி மாங்கா நாருதான் வருது" என்று முறையிட்டாள்.

இரண்டாவது சிக்கலை நான் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேன்டீனிலிருந்து தணல் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, மிளகாய் எரிஞ்சா நெடி வரத்தான் வரும். உலகத்துல எந்த மிளகாயா இருந்தாலும் வரும். எல்லாரும் இருமத்தான் இருமுவாங்க. அப்போ என் கண் இல்லைன்னு ஆயிடும். அப்புறம் நீங்க எல்லாரும் உள்ள வந்திடணும். சரியா?"

எவ்வளவு சுலபமாக ஜெயிக்கப்போகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். அவள் என்னை, கணக்கில் மக்குப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உன் கண்ணுன்னா கழிச்சிட்டா போச்சி, நைனா. உன் கண்ணு இல்லன்னா? மிச்சம் முப்பத்தேழு பேரு அவளப் பார்த்தாங்களே, அதுல யாரு கண்ணு? என்னுதா? அவ பக்கத்துல நிக்கிறாளே, அவ நாத்தனா, அவளுதா? ஒவ்வொருத்தி கால் மண்ணா எடுத்துப் போட்டுப் பாக்கணும். அப்புறம் ஒரே வண்டியில இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்குப் போறது?"

நான் நாத்தனார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"முந்தாநேத்து சாயங்காலத்துலேர்ந்து அவகிட்ட யாரும் பேசல" என்றாள். "நாப்பத்திரண்டு இவ வெட்டினா, நாளைக்கு எங்களயும் நாப்பத்திரண்டு கேப்பாங்கன்னு இவளுங்களுக்குப் பயம். அத எப்படி வாய்விட்டுச் சொல்றது? அதான் கண்ணுன்னு வந்துக்கினு கீது. யாரு தலைமேலயாச்சும் போவணும். உன்னுது பெரிய தல. நாளைக்கு நீ எங்க வண்டியில வரப்போறது கெடையாது."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உரக்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "வாங்க வாங்க, நேரமாவுது!"

இடது கைக்காரியைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தார்கள். விரலில் வெள்ளைக் கட்டு. அவளுக்கு எதிரே கண் வைத்தவன் நிற்க வேண்டும். ஆகவே நான் அவளுக்குக் கிழக்கே நின்றேன். நடுவில் தணல் சட்டி. காற்று, நான் முதலிலேயே சொன்னபடி, மேற்கிலிருந்து.

மேஸ்திரி பொட்டலத்தை வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றினாள். ஊர்க்கண், உறவுக்கண், மைக்குக்கண் என்று ஏதோ சொன்னாள். சட்டியில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. பிறகு மிளகாய் பிடித்துக்கொண்டது.

எத்தனை மிளகாய் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேன்டீன்காரன் கை நிறைய அள்ளிக் கொடுத்திருந்தான்; அவனுக்கும் என் மேல் ஏதோ பழைய பாக்கி இருந்திருக்க வேண்டும். புகை எழுந்து, ஒரு கணம் யோசித்து, நேராக என் முகத்துக்கு வந்தது.

மூச்சை அடக்கினேன். மூக்குக்குள் யாரோ அரத்தால் ராவுவது மாதிரி இருந்தது. தொண்டையில் இருமல் ஒன்று உருண்டு, மேலே வந்து, கதவைத் தட்டியது. அதை விழுங்கினேன். அது தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

தண்ணீருக்கு நடுவில் அவர்களைப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேரும் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தார்கள். எருமைக்காரியின் கன்னம் இரண்டும் நாதஸ்வரக்காரனுடையது மாதிரி உப்பியிருந்தன. தலை சீவினவள் சீப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது பின்னால் டிராக்டர் ஓட்டி ஒருவன் லொக் லொக்கென்று இருமினான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சு விடாமல், தொண்டையில் மிச்சம் இருந்த ஒரு நூல் குரலில் சொன்னாள்:

"அது பீடி இருமல். சேராது."

இடது கைக்காரியின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. தலையைக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் இருமலை அடக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் பற்றிக்கொண்டது. ஒரு மனிதனுக்குள் இருமலும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்ப்பதை விட ஆபத்தானது எதுவும் இல்லை. நான் வானத்தைப் பார்த்தேன். மூட்டமாகவே இருந்தது.

"பாத்தீங்களாடி?" என்றாள் மேஸ்திரி கடைசியில். "ஒரு நெடி கெடையாது! எம்மாம் பெரிய கண்ணு! பாரு, மனுசன் அழுவுறாரு."

பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நாத்தனார் போய் இடது கைக்காரியைக் கைபிடித்துத் தூக்கினாள். பூசணிக்காயைக் கேட்டருகே போட்டு உடைத்தார்கள். ஒன்பது மணி இருபத்திரண்டுக்கு வரிசையாக உள்ளே போனார்கள், தொப்பி மாட்டி, குளோரின் தண்ணீரில் கால் நனைத்து, ஒவ்வொருத்தியாக.

கூடத்துக் கதவு மூடியதும் உள்ளே இருமல் வெடித்தது. ஒருத்தி தொடங்க, மேஜைக்கு மேஜை பரவி, கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் வெளியே வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து இருமினேன். யார் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு லைன் ஓடியது. முதலாளியின் மகன் போன் செய்தான். "ட்ரெய்னிங் பாக பனி சேசிந்தி, அங்கிள்!" பயிற்சி நன்றாக வேலை செய்திருக்கிறதாம். பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் நான் கூடத்துக்குள் போனபோது கை தானாக எழுந்தது. விரல் நீண்டுவிட்டது. மேஸ்திரி பார்த்தாள். "எண்ணாம உனக்குத் தூக்கம் வராதுன்னா கத்திய எண்ணிக்கோ நைனா. அதுக்கு நாத்தனா கெடையாது." நான் காலையில் கொடுக்கிற கத்திகளையும் மாலையில் திரும்பி வருகிற கத்திகளையும் எண்ண ஆரம்பித்தேன். கத்தி முப்பத்தெட்டு என்றால் ஆள் முப்பத்தெட்டு. யாரும் மேஜைக்கு அடியில் ஒளிவதில்லை. சீசன் முடிகிற வரை குழு கலையவில்லை. அடுத்த வருஷத்துக்கும் எங்கள் ஆலைக்குத்தான் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்தாள். முதலாளியின் மகனிடமிருந்து எனக்கும் வாக்குக் கிடைத்தது. மனைவி நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

இடது கைக்காரி விரல் ஆறியதும் மறுபடி மூன்றாவது மேஜைக்கு வந்தாள். அன்றிலிருந்து கடைசி நாள் வரை தினமும் முப்பத்தொரு கிரேட். முப்பதும் இல்லை, முப்பத்திரண்டும் இல்லை. மற்ற நேரத்தில் மெதுவாக, அழகாகக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கம் போகும்போது ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். நானும் பார்ப்பேன். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம்.

ஜூலையில் ஹைதராபாத்துப் பெண் போன் செய்தாள். வகுப்பில் கற்ற எந்தத் திறன் வேலையில் அதிகம் பயன்பட்டது என்று கேட்டாள். "இருமலை அடக்கினது" என்றேன். "ஓ, குறுக்கே பேசாம கேட்டிருக்கீங்க. சூப்பர், சார்" என்றாள். நான் மறுக்கவில்லை. குறுக்கே பேசக் கூடாது அல்லவா?

பூசணிக்காய்க்கும் கற்பூரத்துக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதலாளியின் மகன் ஊழியர் நலன் என்று போட்டுப் பணம் கொடுத்துவிட்டான். மிளகாய் கேன்டீன் கணக்கில் போனது. என் இருமலுக்குத்தான் எந்தக் கணக்குத் தலைப்பும் ஒத்துவரவில்லை. அது ஒன்பது நாள் நிற்கவில்லை. பத்தாம் நாள் மனைவி என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். டாக்டருக்கு இருநூறு, மருந்துக்கு நூற்றுப் பதினெட்டு, ஆட்டோவுக்கு நாற்பது. ஆக மொத்தம் என் கையிலிருந்து முன்னூற்று ஐம்பத்தெட்டு ரூபாய்.